கோட்டுப் பையில் இரண்டு கை

...இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும், மாவு குழைந்தால்தான் அப்பாவால் விழுங்க முடியும், பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாளாகியும் வாயின் வலது ஓரம் சொன்னபடி கேட்கவில்லை, சைகால் சூப்பைக் கிண்டிக்கொண்டே பார்த்தாள், கதவுப் பக்கத்து ஆணியில் அப்பாவின் கோட்டு அப்படியே தொங்குகிறது, மடித்து உள்ளே வைத்தால் அவர் இனி ஆட்டுக்குப் பின்னால் மலையேறப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்னவோ, யாரும் தொடவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் நான்கு வருடம் ஊட்டச்சத்துப் படிப்பு, இந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், ஊருக்கு வந்த முதல் வாரமே அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் ரத்தக்கொதிப்பு நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து, அன்றைக்கே உப்பு டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள், டீயில் உப்பு கிடையாது, குதிரைக்கறி கிடையாது, மாத்திரை தப்பக் கூடாது. "என்னையும் ஆட்டோட சேத்துக் கட்டிப்போட்டு புல்லு போடு டாக்டரம்மா" என்று சிரித்தார் அப்பா. டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது... அந்தச் சிரிப்பும் அண்ணன் கல்யாணத்தோடு போயிற்று. சம்பந்தி தன் கையாலேயே ஆட்டுவால் கொழுப்பை அப்பாவின் வாயில் ஊட்ட வந்தார், அதை வாங்கிக்கொண்டால்தான் உறவு, அறுபது பேர் பார்க்க அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தவள் அவள். சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டார். அப்பா குனிந்த தலையோடே வீடு வந்தார்.

அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தானே மறுநாள் காலை அவளே அந்தக் கோட்டுப் பையில் இரண்டு கை குர்த் அள்ளிப் போட்டாள், தயிரைப் பிழிந்து உருட்டிக் காயவைத்ததுதானே, பால்தானே, எலும்புக்கு நல்லதுதானே, அப்பாவின் சாப்பாட்டுக் கணக்கு நோட்டில் பால் என்ற தலைப்புக்குக் கீழே எழுதிக்கூட வைத்தாள், அதற்கப்புறம் தினமும் இரண்டு கை, எட்டு மாதம். மலையில் நாள் முழுக்க அவர் கன்னத்தில் ஓர் உருண்டை ஒதுங்கியிருக்கும். அதைச் சாப்பாடு என்று இந்தப் பக்கம் யார் சொல்வார்கள்? "இன்னைக்கு என்னப்பா சாப்பிட்டீங்க?" "ரொட்டி, சப்புன்னு ஒரு சூப்பு, அப்புறம் உன் திட்டு." அவர் பொய் சொல்லவில்லை. கொதிப்பு ஏன் இறங்கவில்லை என்று அவள்தான் மாத்திரையைச் சந்தேகப்பட்டாள், அம்மாவைச் சந்தேகப்பட்டாள். அந்த உருண்டை குளிர்காலம் முழுக்கக் கெடாமல் கிடப்பது எதனால்? ஏழு வயதிலிருந்து அதில் உப்பைக் கொட்டிப் பிசைந்த கைதானே இது, கழுதை, படித்த கழுதை... பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார், எந்த ஒன்றின் தலையிலும் பழியைப் போட முடியாது, கொதிப்பு வருஷக்கணக்காக இருந்திருக்கிறது, புகையிலை வேறு. சரி. அதைப் பிடித்துக்கொண்டு தூங்க முடிகிறதா?

பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து சொல்லிவிட்டுப் போனாள், "உப்பைப் பூட்டி வெச்ச வீட்லதான் வியாதி வந்து உக்காந்திருக்கு, எங்க வீட்டு மனுஷன் முழு வாலையும் தின்னுட்டு குதிரை ஏறுறாரு." அவளை வாசல்வரை துரத்திவிட்டுத் திரும்பினால் அம்மா அழுகிறாள், "நான்தான்டி பண்ணேன், உனக்குத் தெரியாம அவ வீட்டுல உப்பு வாங்கி சூப்புல ஒரு சிட்டிகை போட்டேன், மனுஷன் மூஞ்சியச் சுளிச்சாரேன்னு..." சிட்டிகை. அம்மா, நீ போட்டது சிட்டிகை, நான் போட்டது இரண்டு கை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? என்ன சொன்னாள்? "இப்பச் சொல்லி என்ன பிரயோஜனம்?" அதுவும் அதட்டலாக. அன்றிலிருந்து அம்மா தன் தட்டிலும் உப்பைத் தொடுவதில்லை, யாரும் தண்டனை கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, அப்பா இடது கையைத் தூக்கிக் கோட்டைக் காட்டுகிறார், தொண்டையில் ஏதோ உருள்கிறது, அம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து, "மேய்க்கப் போகணுமாம்டி, ஆட்டையெல்லாம் நினைச்சுக்கிட்டாரு" என்று விசும்புகிறாள். இல்லையம்மா, மேய்ச்சல் இல்லை... சைகாலுக்குத் தெரியும் அவர் எதைக் கேட்கிறார் என்று. கோட்டுப் பைக்குள் கை விட்டாள், மூன்று உருண்டை மிச்சம், புகையிலைத் தூசு ஒட்டிக்கொண்டு. எவ்வளவு உப்பு என்றுதான் பார்க்கலாமே, ஒன்றை வாயில் போட்டாள், நாக்கில் உருட்டினாள், கன்னத்தில் ஒதுக்கினாள், புளிக்கிறது, பால் மணக்கிறது, உப்பு... உப்பு எங்கே? இன்னொரு தடவை உருட்டினாள். கரிக்கவே இல்லை, சின்ன வயதிலிருந்து இந்த உப்பிலேயே ஊறிய நாக்கு, அதற்கு இது வெறும் வீட்டு ருசி.

"என்னடி வாயில?" என்றாள் அம்மா.

இப்போது சொல்லலாம், இதுதான் நேரம், இதைத்தான் நான் தினமும்... "ஒண்ணுமில்லம்மா" என்று அவள் வாய் சொன்னது, உருண்டை கன்னத்தில் இருக்கும்போதே.