வண்டிக்கு அடியில் ஆறுமுகம்

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆறுமுகம் தன் பழைய மோரிஸ் மைனர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மறுநாள் காலை அந்த வண்டி வேலூர் போயாக வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்து அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த மாமியாரைத் தலை அதிராமல் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தார் டாக்டர். இந்த வண்டியோ, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் புஷ் என்னும் ரப்பர் வளையங்கள் தேய்ந்துபோய், பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது.

தங்கச் சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருப்பவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. வலப்பக்கம் புதுசு மாட்டிச் சக்கரத்தையும் பூட்டிவிட்டான். இடப்பக்கம்தான் மக்கர் செய்தது. துருவேறிய போல்ட்டை அடித்துக் கழற்றவே ஒரு மணி நேரம் பிடித்தது. ஜாக்கிக்குத் துணையாக அந்தப் பக்கம் செங்கல்லை அடுக்கியிருந்தான்.

"இன்னாங்க, செங்கல் மேலயா நிக்குது?" என்றாள் அவன் மனைவி சௌந்தரம்.

"பத்து நிமிஷ வேல. புது புஷ்ஷு வழுக்கினு உள்ள போவணும், சோப்புத் தண்ணி கலக்கி எடுத்துனு வா."

அவள் வாசலில் குந்திச் சோப்பைக் கரைத்துக்கொண்டிருந்தபோது பூமிக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. வீட்டுக்குள் பாத்திரங்கள் சரிந்தன. நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்திருக்கிறது.

காலை ஷிப்டில் அவள் தம்பி தங்கவேலு கீழே இருந்தான்.

கிண்ணம் கை நழுவியதுகூடத் தெரியாமல் சௌந்தரம் ஓடினாள். சங்கு அலறியது. தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து சனம் மொத்தமும் சுரங்க வாயான ஷாஃப்ட் பக்கம் பாய்ந்தது. நான்கு வீடு தாண்டியபின்தான் அவளுக்கு உறைத்தது. புருஷன் குரல் கேட்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது வண்டி இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. செங்கல் பொடியாகிவிட்டிருந்தது. கழற்றிய சக்கரத்தை அவன் வண்டிக்கடியில் தள்ளி வைத்திருந்ததால் வண்டியின் பாடி முழுசாக இறங்கவில்லை. ஆனாலும் அவனுடைய தோளையும் நெஞ்சையும் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். லைனில் ஒரு ஈ காக்கை இல்லை.

"கத்தாத," என்றான் ஆறுமுகம். பாதிதான் குரலாக வந்தது. "ஜாக்கி."

விழுந்து கிடந்த ஜாக்கியை இழுத்து வண்டிக்கடியில் நிறுத்தித் திருகினாள். தூக்குவதற்குப் பதில் அது மண்ணுக்குள் இறங்கியது. உள்ளே ஓடி மணைப் பலகையை எடுத்துவந்து அடியில் கொடுத்தாள். மறுபடி திருகினாள். பலகை படீரென்று கீறல் விட்டது. கை அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்தாத. மெதுவா."

அரைச் சுற்று. இன்னும் அரைச் சுற்று. அப்போது தரை மீண்டும் லேசாக நடுங்கியது. வண்டி முனகியது. சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை. ஆறுமுகம் முதல்முறையாக முழு மூச்சு இழுப்பது கேட்டது. இரண்டு காலையும் பிடித்து, அவன் அலற அலற, வெளியே இழுத்துப் போட்டாள்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. புடவையைக் கிழித்து அவன் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மரியகுழந்தை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"உன் தம்பி கேஜுல ஏறி மேல வந்துட்டான்மே! மூணு பேரு மட்டும் இன்னும் உள்ள கீறாங்க."

அப்போதுதான் சௌந்தரத்துக்கு அழுகை வந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு அவர்கள் சுரங்க ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தங்கவேலு புழுதி முகத்தோடு வாசலில் காத்திருந்தான். கீழே மாட்டிக்கொண்ட மூவரில் ஒருவர் அவன் கேங் ஆள். மிச்ச வேலையைத் தான் முடிப்பதாகச் சொன்னான். ஸ்பேனரைக் கையில் எடுத்தவன் ஷாஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். சௌந்தரம் அதை வாங்கிக்கொண்டு, தம்பியிடம் உறுதியான தண்டவாளச் சிலீப்பர் கட்டைகள் கொண்டுவரச் சொல்லி, வண்டியை அவற்றின் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் நுழைந்தாள். ஆறுமுகம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ரப்பரைத் தள்ளிப் பொருத்திப் போல்ட்டை மாட்டினாள்.

"இப்பவே இறுக்காத. சக்கரத்த மாட்டி, பாரம் எறங்கினப்புறம்தான் இறுக்கணும். இல்லன்னா ரப்பரு முறுக்கிக்கும்."

கடைசிச் சுற்றை இறுக்கிவிட்டு, வெளியே வராமல் அடியிலிருந்தே சொன்னாள். "நெலம் ஆடினதும் தம்பிக்குன்னு ஓடிட்டேங்க. நீங்க அடியில கீறீங்கன்ற நெனப்பே வரல."

"தெரியும். உன் காலு போறத பாத்துகினுதான் கெடந்தேன்."

"கூப்ட்டிருக்கலாமே."

"மூச்சு வரல. வந்திருந்தாலும் கூப்ட்டிருப்பனா, தெரில. தம்பியாச்சே."

ஞாயிறு விடியலில் வேலூர் போகத் தங்கவேலு வண்டியை எடுத்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷாஃப்ட் கேட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனவன் வெகுநேரம் கழித்து வந்தான்.

"ரெண்டு பேர உயிரோட எடுத்துட்டாங்கக்கா. எங்க கேங் ஆள இன்னும் தேடிகினு கீறாங்க."

வண்டியைக் கிளப்பாமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வேலூரில் அம்மா காத்திருப்பாள் என்று தெரிந்தும் சௌந்தரம் அவனை அவசரப்படுத்தவில்லை.