ஏழாவது வார்டில் நாகஜோதி பேசியது

வார்டு தேர்தலுக்குப் போட்ட வேட்புமனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஞானசிகாமணி வந்து சொன்னபோது நாகஜோதி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். ஏலக்காய்த் தோட்டத்து ஈரமண் காலில் இன்னும் காயவில்லை. ஞானசிகாமணி கட்சியின் கிளைச் செயலாளர். ராயப்பன்பட்டிக்காரர், உரக்கடையில் வேலை. எதையும் பட்டென்று சொல்லிவிடுகிற மனிதர் அன்றைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"ஏழாவது வார்டு நமக்கு இல்லையாம் தோழர். கூட்டணியில பெரிய கட்சி எடுத்துக்கிட்டாக."

"நிக்கிறது யாரு?"

"தங்கப்பாண்டி."

நாகஜோதி செம்பைக் கையில் வாங்கியபடியே நின்றுவிட்டாள். தங்கப்பாண்டிக்கு ஆறு ஜீப்புகள். விடியுமுன்னே இந்த ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிறவை. இரண்டு வருடங்களுக்கு முன்னால், பதினெட்டுப் பேரைத் திணித்துக்கொண்டு போன அவருடைய ஜீப் ஒன்று வளைவில் கவிழ்ந்தது. அதே தெரு மலையம்மாளின் மகளுக்கு ஒரு கால் போயிற்று. அதற்குப் பிறகுதான், அதுவரை யாரிடமும் அதிர்ந்து பேசியிராத நாகஜோதி பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், தங்கப்பாண்டியை எதிர்த்துப் பதினோரு நாள் ரோட்டில் உட்கார்ந்தாள். கட்சிக்கு வந்ததும் அப்படித்தான்.

"அந்தாளுக்கு நான் ஓட்டுக் கேக்கணுமா?"

"கேக்கணும். எதுத்து நிக்கிறவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாததா? போன மாசம் ஊர்வலத்த நிறுத்தி, பள்ளிவாசலுக்கு முன்னால அரை மணி நேரம் மேளம் அடிக்க வச்சவன். இவன்கிட்ட சண்டையாச்சும் போடலாம். அவன் வந்தா அதுவும் முடியாது."

அது பொய்யில்லை. அந்த ஊர்வலத்துக்குப் பிறகு, அடுத்த தெரு மும்தாஜ் பட்டப்பகலிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறாள். நாகஜோதி மறுநாளே போய் வாபஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நாலு நாள் கொடி பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தெருமுனைக் கூட்டம். தங்கப்பாண்டியே மைக்கை அவளிடம் நீட்டினார்.

"நாலு வார்த்த பேசு ஆத்தா. நீ என்னைய ஏசுனதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

மைக்கை வாங்கிவிட்டாள். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. தை மாதம் தேனியில் நடந்த கட்சி வகுப்பில், மதுரையிலிருந்து வந்தவர் கேட்ட கேள்வி ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. நாம் விரும்புகிற சமுதாயம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார். அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஏலக்காய் எடுக்கும்போதெல்லாம் அந்தக் காலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மனதுக்குள் கட்டிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அதைச் சொன்னாள்.

"விடியக்காலம் மூணு மணிக்கு யாரும் அடுப்புப் பத்தவைக்க வேணாம். தெருவுக்கு ஒரு சமையக்கூடம் இருக்கும். ஆம்பளையும் பொம்பளையும் முறை வச்சு ஆக்குவாக. ஜீப்பு ஒருத்தருக்குச் சொந்தமா இருக்காது. ஓட்டுறவுக, போறவுக எல்லாருக்கும் பொதுவா இருக்கும். தோட்டத்துல ஒதுங்குறதுக்கு மறைவு தேடிக்கிட்டுப் போக வேணாம். ஊரும் காலனியும் ஒரே குழாயில தண்ணி பிடிக்கும். யாரும் யாருக்கும் பயந்து கதவைச் சாத்த மாட்டாக. வயசானவுகளப் பாத்துக்கிட ஒரு வீடு இருக்கும். அங்கன எந்நேரமும் ஆள் இருக்கும்."

பத்து நிமிடம் பேசியிருப்பாள். வாசலில் நின்ற பெண்கள் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டார்கள். டீக்கடை ரேடியோவை யாரோ அணைத்தார்கள். கூட்டத்து ஓரத்தில் மலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. தன் பேச்சை இத்தனை பேர் இப்படிக் கேட்பார்கள் என்று நாகஜோதி நினைத்ததே இல்லை. கொஞ்ச நேரம், உண்மையிலேயே, சந்தோஷமாக இருந்தது.

அவள் முடித்ததும் தங்கப்பாண்டி மைக்கை வாங்கினார்.

"தோழர் சொன்ன அம்புட்டும் நடக்கும். நான் பொறுப்பு."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தான் செய்த காரியம் அப்போதுதான் நாகஜோதிக்கு உறைத்தது.

பேச்சை யாரோ செல்போனில் பதிவு செய்திருந்தார்கள். மறுநாளிலிருந்து ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் தெருத் தெருவாக அவள் குரல் போயிற்று. பேச்சுக்கு நடுநடுவே தங்கப்பாண்டியின் பேரும் சின்னமும். அவள் உரக்கடைக்கே போய்விட்டாள்.

"அத நிறுத்தச் சொல்லுங்க. அது அந்தாளுக்காகப் பேசுனது இல்ல."

"எனக்குத் தெரியும் தோழர்." ஞானசிகாமணி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மாவட்டக் கமிட்டியிலயும் கேட்டிருக்காக. ரொம்பப் பாராட்டுனாக."

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தங்கப்பாண்டி ஜெயித்தார். மேளம் அடிக்க வைத்தவன் தோற்றான். அன்றைக்கு மும்தாஜின் தெருவில் கதவுகள் திறந்து கிடந்ததைப் பார்த்து, இதாவது மிச்சம் என்று நாகஜோதி தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் தங்கப்பாண்டி ஏழாவது ஜீப் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மலையம்மாள் வீடு தேடி வந்தாள்.

"சமையக்கூடம் எங்கன கட்டப் போறாக? பள்ளிக்கூடத்துப் பக்கம்னா எம்மகளுக்கு நடக்க ஏலாது. நம்ம தெருவுக்குள்ள வர்ற மாதிரி கேளு நாகு."

"அதெல்லாம் இப்ப வராதுக்கா."

"நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"அவுக ஜீப்புலதான் எம்மக காலு போச்சு. செத்தாலும் அவுகளுக்கு ஓட்டுப் போடக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீ சொன்னியேன்னு போட்டேன்." குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். காபி போடவா என்றதற்கு வேண்டாமென்று எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கிளைக் கூட்டம். ஐந்து பேர் வந்திருந்தார்கள். தேர்தல் பரிசீலனை அறிக்கையை ஞானசிகாமணி வாசித்தார். 'நமது கருத்துகள் மக்களிடம் சென்று சேர்ந்தன' என்று ஒரு வரி வந்தது.

"அந்த வரிய எடுத்துருங்க" என்றாள் நாகஜோதி.

ஏன் என்று கேட்டார்கள். மலையம்மாள் வந்துபோனதைச் சொன்னாள். பிறகு அறிக்கை மேலே போக வேண்டியது, இங்கே திருத்துவது சரியாக இருக்காது என்று ஒருவர் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். வரி இருக்கட்டும் என்று மூன்று கை. எடுத்துவிடலாம் என்று அவள் கையும், கடைசியாக, ஞானசிகாமணியின் கையும்.

இதோடு போதும் என்று எழுந்து போய்விடலாம்தான். போனால் அந்தக் காலையைப் பற்றி யாரிடம் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். டீ டம்ளர்களை அலசி வைக்க ஆண்கள் யாரும் எழவில்லை. எப்போதும் அதைச் செய்கிற நாகஜோதியும் அன்றைக்கு எழவில்லை. டம்ளர்களில் ஈ மொய்க்கத் தொடங்கியது.