மஞ்சள் அட்டையில் மாக்ரெட்டின் பெயர்

மாக்ரெட்டுக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் தேடிப் பயனில்லை. கூடப் பிறந்தவள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது அக்காக்காரிக்கு வயிறு எரியலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் எரிந்தது, என்ன செய்வது?

எல்லாம் அந்த நாலு சனிக்கிழமைகளில் தொடங்கியது. தங்கை றேணுகாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிற ஆஸ்பத்திரியில் ஒரு முறை வைத்திருந்தார்கள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் நிற்கலாம். கணவனோ, தாயோ, சகோதரியோ, யாராக இருந்தாலும் சரி. ஆனால் முதலில் நாலு சனிக்கிழமை வகுப்புக்கு வரவேண்டும். வந்தவருடைய பெயரை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள்.

றேணுகாவின் கணவன் றொஹானுக்குத் துறைமுகத்தில் கொள்கலன்களுக்குக் கணக்கெடுக்கிற வேலை. சனிக்கிழமை என்றால் அவனுக்கு ஷிஃப்ட். "வகுப்புத்தானே அக்கா, நீங்க போங்கோவன். பிள்ளை பிறக்கேக்க நான் உள்ள போனாச் சரிதானே," என்றான். வகுப்புக்குப் போகிறவர்தான் உள்ளேயும் போவார் என்பதை அந்தப் புத்திசாலி கடைசிவரை விளங்கிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு றேணுகாவை வளர்த்தவள் மாக்ரெட். அவளும் முணுமுணுத்துக்கொண்டுதான் போனாள். வேலை செய்கிற ஜம்பட்டா வீதி பார்மசியில் சனிக்கிழமை லீவு கேட்பதென்றால் சும்மாவா?

போய்ப் பார்த்தால், வகுப்பு நிறைய ஆம்பிளைகள். பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, பெண்சாதிமாருடைய முதுகில் டென்னிஸ் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளவத்தையில் புடவைக் கடை வைத்திருக்கும் ரிஸ்கான் என்ற ஒருவர், வகுப்பெடுக்கிற நர்ஸ் மிஸ் தும்மினால்கூடக் கொப்பியில் எழுதிக்கொள்வார். மாக்ரெட்டுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணவன் கிளெமென்ற்றுக்கு அதை நடித்தும் காட்டினாள். இரவு பாயில் படுத்தபோது மட்டும், ஏனோ அந்தப் பந்து உருண்டுகொண்டே இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை மிஸ் அவளுடைய கையைப் பார்த்து, நல்ல கை, எங்கே அழுத்தவேண்டும் என்று இந்தக் கைக்குத் தெரிகிறது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னா. அன்றிலிருந்து மாக்ரெட்டைப் பிடிக்க ஆளில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கையைக் கதிரையில் குனிந்திருக்க வைத்து முதுகை அழுத்துவாள், மூக்கால் இழுத்து வாயால் ஊதப் பழக்குவாள். பிள்ளையை முதலில் பார்க்கப்போவது தான்தான் என்று மனசுக்குள் முடிவெடுத்தும் விட்டாள்.

இன்று காலை பதினொரு மணிக்கு, பிரசவ அறை வாசலில் நின்ற மிஸ் மஞ்சள் அட்டையைத் திருப்பிப் பார்த்தா. "ஹஸ்பன்ட் ஆவொத் நம மாறு கரன்ன புளுவன்," என்றா சிங்களத்தில். கணவன் வந்தால் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு ஆள்தான் உள்ளே. மாக்ரெட் "ஹரி மிஸ்" என்று தலையாட்டினாள்.

பன்னிரண்டரைக்கு, மாக்ரெட் தண்ணீர் எடுக்க வெளியே வந்த நேரம், றொஹான் வந்தான். ஹெல்மெற்றைக் கழற்றக்கூட இல்லை, சேட்டெல்லாம் வியர்வை. "அக்கா, நான் உள்ள போறன். சுப்பவைசரோட சண்டை பிடிச்சு வந்தனான். நீங்க கொஞ்சம் இருங்கோ."

நாலு சனிக்கிழமை நான் கை நோக அழுத்துவேன், இவர் கடைசி நாளில் வந்து நோகாமல் நொங்கு குடிப்பார். அப்படித்தான் மாக்ரெட்டுக்குத் தோன்றியது. வாய் தானாகத் திறந்தது.

"அட்டையில என்ட பேர்தானே தம்பி இருக்கு. பேர் உள்ள ஆளைத்தான் விடுவினமாம்."

"மிஸ்ஸிட்ட ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டா?"

"நான் கேட்டிட்டன்."

அவன் சுருங்கிப்போனான். பிறகு மெல்ல, "அப்ப அவவிட்ட சொல்லுங்கோ அக்கா, நான் வந்திட்டன், கதவுக்கு வெளியிலதான் நிக்கிறன் எண்டு. அது ஒண்டை மட்டும் சொல்லுங்கோ," என்றான்.

"ஓம் ஓம்," என்று சொல்லிவிட்டு மாக்ரெட் உள்ளே போனாள். போய்ச் சொல்லவில்லை.

வலி நெருங்கி நெருங்கி வந்தது. மாக்ரெட் தங்கையின் முதுகை அழுத்தினாள். ஒன்றும் பிசகவில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் கைக்கு ஓடி வந்தது. ஒவ்வொரு வலி அடங்கும்போதும் றேணுகா கதவைப் பார்த்தாள்.

"றொஹான் வந்திட்டாரா அக்கா?"

"வருவார். நீ மூச்சை இழு."

பக்கத்துக் கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைதான். அந்தப் பக்கம் ரிஸ்கானுடைய குரல் கேட்டது. "நான் பக்கத்திலதான் ஈக்கிறன் பஹ்மிதா, பயப்பட வாணாம். மூணு எண்ணுற வரைக்கும்..."

"எண்ணாம வாய மூடுங்க!" என்று அவருடைய மனைவி கத்தினாள்.

"சரி, மூடிட்டன். கைய மட்டும் விடமாட்டன்."

அடுத்த வலி வந்து போனது. பிறகு அந்தப் பெண் அழுகிற குரலில், "ஏன் ஒண்டும் பேசாம ஈக்கிறீங்க?" என்று கேட்டாள். வேறு நாளென்றால் மாக்ரெட் இதையும் நடித்துக் காட்டியிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஆஸ்பத்திரியில், அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளைப் பெற்றாள். கம்பி குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர் மட்டும் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. மறுநாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்துக்குச் சரியாகக் கிளெமென்ற் வந்தார், பப்பாசிப்பழமும் பால்மா டின்னும் கொண்டு. "எல்லாம் சுகமா முடிஞ்சுதா?" என்று கேட்டார், பஸ்ஸில் ஊர் போய் வந்தவளைக் கேட்பதுபோல. நல்ல மனுஷன்தான். குடியில்லை, அடியில்லை. இவரைக் குறை சொன்னால் கொட்டாஞ்சேனையில் ஒருத்தியும் நம்பமாட்டாள். அதுவும் ஒரு எரிச்சல்.

"அக்கா," என்றாள் றேணுகா. உதடு காய்ந்திருந்தது. "அவர் வராட்டியும் பரவாயில்ல. நீங்க இருக்கிறீங்கதானே."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் மாக்ரெட் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். கிடைத்துவிட்டது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. கேட்டு வாங்கியதென்றாலும் பரவாயில்லை, இது களவெடுத்தது. அப்போதுதான் தன்னுடைய எரிச்சல் என்னவென்று அவளுக்கு வெளிச்சமானது. றொஹான் பிள்ளையை முதலில் பார்த்துவிடுவான் என்பதல்ல. முதலில் பார்த்தால் என்ன, பிந்திப் பார்த்தால் என்ன, பிள்ளை ஓடியா போய்விடும்? அவளுக்குப் பொறாமை தங்கைமேல். தான் தூக்கி வளர்த்த இந்தச் சின்னவளுக்கு, கதவுக்கு வெளியே நின்று கெஞ்ச ஒரு மனுஷன் இருக்கிறான். தனக்கு இருக்கவில்லை. அதனால் இவளுக்கும் இருக்கவேண்டாம் என்று மத்தியானத்திலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மிஸ் வந்து பார்த்துவிட்டு, இனி அதிக நேரமில்லை என்று சொன்னா.

துணைக்கு நிற்பவருக்கென்று மேலே போடக் கொடுத்த கவுனைக் கழற்றிக்கொண்டே மாக்ரெட் ஓடினாள். கதவைத் தள்ளியதும் அது றொஹான்மேல் போய் மோதியது. உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தும் மனுஷன் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"இந்தாங்க, போடுங்க. பேர் மாத்தலாம். காலமையே மிஸ் சொன்னவ. நான்தான் உங்களிட்ட மறைச்சனான். நீங்க வந்ததையும் அவளிட்ட சொல்லேல்ல."

அவன் அவளைப் பார்த்தான். கோபப்பட ஒரு ஆளுக்கு அவ்வளவு நேரம் போதும். ஆனால் உள்ளேயிருந்து றேணுகாவின் குரல் வந்தது. அவன் கவுனுக்குள் கையை விட்டான், பிழையான கையை.

"முதுகில எந்த இடத்தில அக்கா அழுத்துறது?"

நாலு சனிக்கிழமைப் பாடமும் அவளுடைய நாக்கு நுனியில் நின்றது. "அவள் சொல்லுவாள். ஓடுங்க!"

கதவு மூடிக்கொண்டது. மாக்ரெட் வாங்கில் போய் இருந்தாள். கைக்கு ஒரு வேலையும் இல்லை. சற்று நேரத்தில் கிளெமென்ற் படியேறி வந்தார், தேத்தண்ணி பிளாஸ்கும் மீன் அடைத்த மாலுபாண் பையும் தூக்கிக்கொண்டு. எப்போதும்போல நேரத்துக்கு.

"என்ன, நீ உள்ள நிக்கேல்லையா?"

"றொஹானை விட்டிட்டன்."

"நீதானே வகுப்புக்குப் போனனீ?"

அவர் தேத்தண்ணியை மூடியில் ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், முன் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"எங்கட மகள் பிறக்கேக்க நீங்க எங்க இருந்தீங்க?"

கிளெமென்ற் யோசித்தார். "வீட்டிலதான். போன் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"உள்ள விடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"அப்ப ஆம்பிளையள விடமாட்டாங்கதானே மாக்ரெட்."

"விடமாட்டாங்க. அது எனக்கும் தெரியும். நீங்க கேட்டீங்களா?"

அவர் பிளாஸ்க் மூடியைத் தேடினார். அது அவளுடைய கையில் இருந்தது. மாலுபாண் பையை ஒருதரம் மடித்தார், விரித்தார்.

"இல்ல," என்றார். "கேக்கோணும் எண்டே எனக்குத் தோணேல்ல."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன். மத்தியானத்திலிருந்து அவளே நாலு சொல்லிவிட்டாள். இவர் ஒன்று சொன்னால் உலகம் குறைந்தா போய்விடும்? கேட்டேன், வாசலில் நின்றவன் துரத்திவிட்டான் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மிச்சக் காலத்துக்கும் அதை வைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டது. அதற்கு மேலாக, வெட்கமில்லாமல், றொஹான் அழுகிற சத்தம்.

கிளெமென்ற் துள்ளி எழும்பினார். "பிறந்திட்டுது! மாக்ரெட், பிறந்திட்டுது!"

மாக்ரெட் எழும்பவில்லை. தேத்தண்ணி மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான். கிளெமென்ற் அவனுக்குப் பெருமையோடு சிங்களத்தில் விளக்கினார், பெரியம்மா ஆகிவிட்டாள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று.

மாக்ரெட் அதை மறுக்கப் போகவில்லை.