கீழே தாங்குபவன்

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் சிலுவையடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஏணிமேல் ராயப்பன். கீழே கயிற்றுக் கட்டிலில் அவர் மகன் இன்னாசி. அவன் தலைமாட்டில் அவன் மனைவி மதலேனம்மாள். ஊர் நாட்டாண்மை சந்தியாகு. பங்குசாமியார். மற்ற சனமெல்லாம் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் முழந்தாளில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பின்னால் பெருகிவிட்டார்கள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அந்த ஊரில், ஆண்டவரின் மரச் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும் உரிமை ராயப்பன் வீட்டுக்கு உரியது. பண்ணையில் நட்டும் அறுத்தும் வாழ்ந்த வீடு அது. நிலம் என்று ஒரு குழி இருந்ததில்லை. பிறர் தலைகுனிந்து நிற்க அவர்கள் நிமிர்ந்து செய்வதற்கு இருந்தது இந்த ஒரு காரியம்தான். தகப்பன் ஏணியில் ஏறி ஆணிகளை எடுப்பான். சொரூபத்தின் அக்குளுக்கடியில் கொடுத்த நீளத் துணியைப் பிடித்து மெல்ல விடுவான். மகன் கீழே நின்று தாங்குவான். சொரூபத்தின் தோள்மூட்டு தோல்வைத்துத் தைத்தது. ஆணி போனதும் கை தொப்பென்று விழப் பார்க்கும். விழக் கூடாது. தலை தொங்கக் கூடாது. வேறு வீட்டார் கை படக் கூடாது.

அது கழக ஆட்சி வந்த புதிது. தெருவுக்குத் தெரு கொடிமரம் முளைத்திருந்தது. சம்பா அறுப்பில் கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். வரப்பில் மறித்து நின்றவர்களில் இன்னாசி முன்னால் நின்றான். முதுகில் விழுந்தது ஓர் அடிதான். இடுப்புக்குக் கீழே எல்லாம் அதோடு போயிற்று. வழக்கும் அவன்மேல்தான் போட்டார்கள்.

தவக்காலம் பாதி போனபின் சாமியாரும் சந்தியாகுவும் வீட்டுக்கு வந்தார்கள். சாமியார் கட்டிலருகே உட்கார்ந்து இன்னாசியின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"ஒன் வேதனைய அவரு பாடுகளோட சேத்து ஒப்புக்கொடு இன்னாசி. வீணாப் போவாது."

"அவரத்தான் அன்னைக்கே எறக்கிட்டாங்களே சாமி. என்னய யாரு எறக்குவா?"

சாமியார் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டு எழுந்தார். நல்ல மனிதர்.

வாசலில் ராயப்பனிடம் சந்தியாகு மெதுவாக ஆரம்பித்தான். "கீழ தாங்க ஆளில்லாம எப்படி மாமா? எம் மவன அனுப்புறேன். இந்த ஒரு வருசத்துக்குத்தான்."

"இந்த வருசம் குடுத்தா அடுத்த வருசம் ஒங்கிட்ட வந்து கேக்கணும், மாப்ள. எங்க வீட்டுல ஆம்பள இருக்கான்."

"படுத்துக் கெடக்குறவனையா சொல்றீங்க?"

"கையி ரெண்டும் இருக்குல்ல. உக்காருவான்."

சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையை விழுங்குகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் மகனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினார். தினம் காலையும் மாலையும் படுக்கைப் புண்ணைக் கழுவ அவனைப் புரட்டுவது அவர்தான். இடது கையைப் பிடரிக்குக் கொடுத்து, துண்டை அக்குளுக்கடியில் செலுத்தி, தோளைத் தன் மார்பில் சாய்த்து, கை விழாமல், தலை தொங்காமல் திருப்புவார்.

"சொரூபத்த எறக்குறாப்புலயே பெரட்டுறீங்க மாமா," என்றாள் மதலேனம்மாள் ஒரு நாள், வெந்நீர்ச் சட்டியோடு நின்றபடி.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ராயப்பனுக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை வருடம் மரத்தை வைத்து ஆண்டவர் தனக்கு இதைத்தான் பழக்கினாரா? நினைத்ததும் முதலில் நெஞ்சு இளகியது. ஆண்டவர் இந்த வீட்டை மறக்கவில்லை என்று தோன்றியது. அடுத்த கணமே அந்த நினைப்பு கசந்தது. அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அடியைத் தடுக்காமல், அடிபட்டவனைப் புரட்ட மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதற்குமேல் நினைக்க ராயப்பனுக்குப் பயமாக இருந்தது. புண்ணில் மருந்தை வைத்துக் கட்டினார்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில்தான் மகனிடம் கேட்டார்.

"ஒங்க கவுரவத்துக்காவாப்பா?" என்றான் இன்னாசி.

ராயப்பன் கூரையைப் பார்த்தார். "ஆமா."

"அப்ப வரேன். சாமிக்குன்னு சொல்லிருந்தா வந்துருக்க மாட்டேன்."

கட்டிலின் முன்பக்கத்தை ராயப்பன் தூக்கினார், பின்பக்கத்தை மதலேனம்மாள். அறுத்த தாள் காய்ந்து வெடித்த வயல் வழியாகப் போனார்கள். பாதி வழியில் சந்தியாகு வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

கோயிலில் இன்னாசியைத் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்தார்கள். ராயப்பன் ஏறினார். வலக்கை ஆணி, இடக்கை ஆணி, கால் ஆணி. துணியை விட விட, அவருக்குச் சொரூபம் பஞ்சு போலிருந்தது. மகனைத் தூக்கிப் பழகிய கைக்கு இது ஒரு கனமா. வருடா வருடம் இந்த இடத்தில் அவருக்குக் கண் நிறையும். இந்த வருடம் நிறையவில்லை.

இன்னாசி இரண்டு கையாலும் வாங்கி மடியில் கிடத்திக்கொண்டான். தலையைத் தொங்கவிடவில்லை. விலாக்காயத்தில் படிந்திருந்த ஒட்டடையைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"கனக்குதாடா?" என்றார் ராயப்பன் ஏணியிலிருந்து குனிந்து.

"தெரியலப்பா. மடியில இருக்குறதே தெரியல."

அப்போதுதான் கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒருத்தி கூவினாள். இன்னாசியின் கால் அசைந்ததாம். இன்றும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். பேராவூரணியிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அசைந்தது சொரூபத்தின் கால். துணி விலகி, அந்த மரப்பாதம் நழுவி இன்னாசியின் முழங்காலில் இடித்தது. இன்னாசிக்கு அது தெரியவில்லை.