பதினோரு பேருக்கு முன்னால்

லென்சின் ஓரத்தில் ஒரு விரல் ரேகை. என்னுடையதுதான், வேறு யார் தொடப்போகிறார்கள்? முந்தாநாள் காலை அதைக் கழற்றி மாட்டியபோது கையுறை போடவில்லை.

இந்த இயந்திரம் இரும்பின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சும். வழவழப்பாக இருந்தால் ஒளி ஒழுங்காகத் திரும்பும், சொரசொரப்பாக இருந்தால் சிதறும். சிதறுவதை வைத்து எண் சொல்லும். லென்சில் அழுக்கிருந்தாலும் ஒளி சிதறும்தான். அதற்காகவே தினமும் முதலில் மாதிரித் துண்டை வைத்துச் சரிபார்ப்போம். முந்தாநாள் நான் பார்க்கவில்லை. நேற்று விடுமுறை. இன்றைக்குத்தான் பார்த்தேன், மகா புத்திசாலி.

அன்றைக்குப் பாலிஷ் பிரிவிலிருந்து அக்கா புருஷன் ஏழு தண்டுகள் கொண்டுவந்தார். ஏழும் சொரசொரப்பு என்றது இயந்திரம்.

"மாப்ளே, மாதிரிய ஒரு தடவ வெச்சுப் பாரேன்."

அவர் வேலையை நான் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுகிறேன் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. மேனேஜர் வேறு பக்கத்திலேயே நின்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெஷினுக்கு மாமா மச்சான்லாம் கிடையாது மாமா. போய்த் திரும்பத் தேய்ங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஆறு தண்டுகளைத் திரும்பத் தேய்த்தார், தேய்த்தார், ஆறும் அளவு குறைந்து குப்பைக்குப் போயின. ஏழாவதைத் தொடமாட்டேன் என்றார். சாயங்காலமே அவரைப் பேக்கிங்கில் போட்டார்கள். இருபது வருஷ வேலைக்காரர்.

இன்று லென்சைத் துடைத்துவிட்டு அந்த ஏழாவதை வைத்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு என்றது இயந்திரம். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் தண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேக்கிங்குக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மாமா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்ளே. அக்கா உனக்கும் சேத்துதான் குடுத்துவிட்டிருக்கா."

சோற்றுக்குப் பக்கத்தில் தண்டை வைத்தேன்.

"மாமா, இது நல்ல தண்டு. லென்சுல என் கைரேகை இருந்திருக்கு. தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

அவர் அதை எடுத்து, தேறாத தண்டு என்று அன்று நான் பூசியிருந்த சிவப்புப் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"அன்னைக்கு நீ சொல்லும்போது எத்தன பேரு இருந்தாங்க?"

"பதினோரு பேரு."

"இப்ப?"

அவர் சோற்றை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை என் பக்கம் தள்ளினார். மணி அடித்தது. கதவுக்கு அப்பால் அந்தப் பதினோரு பேரும் கையைத் துடைத்துக்கொண்டே அவரவர் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.