இப்ப வலிக்கல

அமுதவள்ளியின் தம்பி விருத்தகிரி வலி மாத்திரைக்கு அடிமையாகி, கடலூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்து திரும்பியவன். திரும்பி வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அக்கா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியிலேயே அவனுக்கும் வேலை, சூளைக்கு வண்டி தள்ளுவது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்காமலேயே சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சூடு ஆறாத சூளை வண்டி அவன் வலது கைமேல் சாய்ந்துவிட்டது. முழங்கை வரைக்கும் தோல் உரிந்தது. அமுதவள்ளியும் மேஸ்திரி குருமூர்த்தியும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

கட்டுப் போட்ட டாக்டர் சீட்டு எழுதக் குனிந்தார். கிரி அக்காவைப் பார்த்தான். சொல்லு என்கிறானா, சொல்லாதே என்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் மேஸ்திரி வேறு நின்றுகொண்டிருந்தார்.

"சார், வலிக்குப் பெரிய மாத்திரை எதுவும் இவனுக்கு வேணாங்க. அதுல பழகி, வைத்தியம் பாத்து வந்திருக்கான்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "சாதா மாத்திரை எழுதறேன். முழுசா கேக்காது. தாங்குவானா?"

"தாங்கிக்குவேன் சார்," என்றான் கிரி. மேஸ்திரி வெளியே போய் நின்றுகொண்டார்.

இரண்டு நாள் தாங்கினான். கட்டு மாற்றும்போது துண்டைக் கடித்துக்கொண்டான். அவளால் விசிறத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் மதியம், "அக்கா, இன்னைக்கு வேலைக்குப் போவாத. பக்கத்துலயே இரு," என்றான். இருந்தாள். கஞ்சி இறக்கிவைக்க அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் பாய் மட்டும் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், மருந்துக்கடைகள் எல்லாம் அலைந்தாள். கடைசியில் கம்பெனிக்குப் பின்னால், உடைந்த பீங்கானைக் கொட்டும் இடத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் பச்சைப்பிள்ளை மாதிரி தெளிந்திருந்தது.

"இப்ப வலிக்கலக்கா," என்றான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் மாத்திரை டாக்டர் கையாலேயே வந்திருக்கும். சொன்னதால் இவனாகத் தேடிப் போய்விட்டான். இதில் எதை அவள் செய்திருக்க வேண்டும்?

மையத்துக்கு போன் போட்டாள். அங்கே ஆலோசனை சொல்லும் பானுமதி எடுத்தாள்.

"மூச்சு ஒழுங்கா வருதா? கூப்பிட்டா முழிக்கிறானா?"

"முழிக்கிறான்ங்க."

"தனியா விடாதீங்க. அசந்துட்டான்னா உடனே நூத்தியெட்டுக்கு அடிங்க. காலைல கூட்டிட்டு வாங்க. புண்ணையும் இங்க பாத்துக்கலாம். பதினோரு மாசம் தொடாம இருந்தான் இல்ல, மறுபடியும் இருக்க முடியும்."

"இன்னும் எத்தனை தடவம்மா?"

"தெரியலங்க," என்றாள் பானுமதி.

காலையில் கடலூர் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். மையத்து வாசலில், "மேஸ்திரி வேலையில வச்சிக்குவாராக்கா?" என்று கேட்டான். அவள் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். கேட்டபோது அவர் பிடி கொடுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனாள். கை ஆறிவந்தது, விரல்தான் இன்னும் மடங்கவில்லை.

"வெளிய வரவே பயமா இருக்குதுக்கா."

"எனக்கும்தான்டா."

வாங்கிப்போன ஆரஞ்சை உரித்து, ஒவ்வொரு சுளையாக அவன் இடது கையில் வைத்தாள்.