சனிக்கிழமை லைட்டு

ஆண்டனிராஜ் புது ஸ்கூட்டர் வாங்கியதிலிருந்து திண்டுக்கல்லில் அவருக்குக் கை காட்டாத ஆளே இல்லை. மரியாதைக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார்கள். லைட்டு எரியுது, அமத்து என்று அர்த்தம். இப்போது வரும் வண்டிகளில் ஸ்டார்ட் செய்தாலே முன்லைட்டு தானாக எரியும், அமத்த சுவிட்சே கிடையாது, சட்டமே அப்படித்தான் என்பது இத்தனை வருஷம் ஆகியும் நம் ஜனங்கள் மண்டையில் ஏறவில்லை. கறிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு விரலை விரிப்பார். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு விரிப்பார். ஒருநாள் சவ ஊர்வலத்தில் சங்கு ஊதிக்கொண்டு போனவர்கூட நின்று விரித்துக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஊதினார். குண்டும் குழியுமாகக் கிடக்கும் ரோட்டுக்காக ஒரு விரலை அசைக்காத ஊர் இது.

வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆண்டனிராஜால் முடியவில்லை. காரணம், சனிக்கிழமை.

அவருக்கு டவுனில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை. மனைவி காலமாகிச் சில வருஷம் ஆகிறது. மகள் நான்சி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கன்னிவாடி ரோட்டில் கிளாரா டீச்சர் ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கல்யாணமும் கட்டிக்கொள்ளாமல், மிளகாய் நாற்றையும் தக்காளி நாற்றையும் அதட்டி வளர்த்துக்கொண்டிருந்த பெண்மணி. அங்கே குழாய் பதித்துக் கொடுத்ததும் ஆண்டனிராஜ்தான். அதிலிருந்து சனிக்கிழமை மதியமானால் கடையைச் சாத்திவிட்டு, குழாய் ஒழுகுகிறதா பார்க்கப் போய்விடுவார். குழாய் ஒழுகியதே இல்லை. மனுஷன்தான் ஒழுகிக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை டீச்சர் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். "வாரா வாரம் பைப்பு பாக்க வாரீங்க. அடுத்த வாரம் வரும்போது எதுக்கு வாரேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நானும் பதில் சொல்றேன். வரலேன்னா இனிமே எப்பவும் வர வேணாம்."

ஆண்டனிராஜுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே வந்தன. அந்த அம்மாள் இல்லாமல் இனி ஒரு சனிக்கிழமையைத் தள்ள முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே! இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று சாமியார் மைக்கில் கேட்கும்போது பூசைக்கு வந்த மொத்தப் பேரும் திரும்பிப் பார்ப்பார்களே! மகளைக் கட்டிக்கொடுத்த வயதில் மாப்பிள்ளை! அதற்குள், போகிற வழியெல்லாம் விரல் விரிக்க வைத்து ஊரைக் கூட்டுகிறது இந்தப் பாழாய்ப்போன லைட்டு.

வெள்ளிக்கிழமையே கடைக்குப் பக்கத்தில் வண்டி வயரிங் பார்க்கும் பைசலிடம் போனார்.

"எதிர்ல வர்றவய்ங்களுக்கு நாம தெரியணும்னுதான் மாமா இத வச்சிருக்காய்ங்க" என்றான் பைசல்.

"அதாண்டா மாப்ள கேடு. நான் தெரியக் கூடாது."

"வாரண்டி போயிரும்."

"எனக்கு மானமே போகுதுடா."

பைசல் ஒரு வயரை வெட்டி, சீட்டுக்கு அடியில் சின்ன சுவிட்ச் ஒன்றைச் சொருகிக் கொடுத்தான். வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அமத்திக்கொள்ளலாம். ஆண்டனிராஜ் அமத்திக்கொண்டார்.

சனிக்கிழமை டவுனைத் தாண்டும்வரை ஒரு விரல் விரியவில்லை. ஆண்டனிராஜ் மாதா பாட்டு ஒன்றை விசிலடித்துக்கொண்டே போனார். ரெட்டியார்சத்திரத்தில் டீக்கடை ஈஸ்வரன் எழுந்து வந்து, விரலைக் குவித்து விரித்தான். ஆண்டனிராஜ் குனிந்து பார்த்தார். லைட்டு அமந்துதான் இருந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் விரித்தார்கள். வண்டியை நிறுத்தினார்.

"ஏப்பா ஈஸ்வரா, லைட்டுதான் எரியலையேப்பா. எதுக்குக் கைய ஆட்டுற?"

"அதத்தாண்ணே கேக்குறேன். ஏன் எரியல? டீச்சரம்மாகூட எதுவும் சண்டையா?"

ஆண்டனிராஜுக்குக் காது இரண்டும் சுட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க. பண்ணையில வேலை பாக்குற ஆளுக பூராம் இங்கதான டீ குடிக்கிறாக? பண்ணை வீட்டு மாடியில நின்னு பாத்தா ரோட்டுல ஒங்க லைட்டு வாரது தெரியுமாம். அதப் பாத்துட்டுத்தான் டீச்சரம்மா பால அடுப்புல வைக்குமாம். இன்னைக்கு இப்படி இருட்டடிச்சுக்கிட்டுப் போறீங்களே, பால யாருண்ணே வைப்பா?"

ஊருக்கே தெரியும் என்பது அந்த நேரத்தில் ஆண்டனிராஜுக்கு உறைக்கவே இல்லை. ஒரு பெண் தனக்காக மாடியில் நின்று ரோட்டைப் பார்க்கிறாள் என்பதுதான் உறைத்தது. இன்றைக்கும் நின்றிருப்பாள், ஒன்றும் தெரிந்திருக்காது. வண்டியை முறுக்கினார்.

கிளாரா டீச்சர் ஹெல்மெட்டோடு பண்ணைக் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகி, லைட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆண்டனிராஜைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"வரலேன்னு நெனச்சுக் கோயிலுக்குக் கெளம்பிட்டேன். லைட்டு என்னாச்சு?"

"அமத்திட்டேன் டீச்சர். வழியில யாரும் பாக்கக் கூடாதுன்னு."

டீச்சர் முகம் சுண்டிவிட்டது. "என்னயப் பாக்க வாரது அம்புட்டுக் கேவலமா?"

ஆண்டனிராஜுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. "கேவலம் இல்ல டீச்சர், பயம். சிரிப்பாய்ங்களேன்னு பயம். இப்ப அது இல்ல, ஏன்னா ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காய்ங்க. நான் பைப்பு பாக்க வரல, ஒங்களத்தான் பாக்க வாரேன். என்னயக் கட்டிக்கிறீங்களா?"

டீச்சர் கேட்டுச் சாவியைப் பைக்குள் போட்டார். பிறகு, "மொதல்ல லைட்டப் போடுங்க" என்றார்.

ஆண்டனிராஜ் சீட்டைத் தூக்கி சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. மறுபடி தட்டினார். முன்பக்கம் ஓடிப்போய் லைட்டின் மேலேயே அறைந்தார். பைசல் முறுக்கிவிட்ட வயர் ரோட்டுக் குழிகளில் எங்கோ பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. பைசலின் பரம்பரையையே ஆண்டனிராஜ் வாய்க்குள் வைது முடிப்பதற்குள், டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"விடுங்க. எனக்கு எரியுது. பின்னாலயே வாங்க."

"எங்க?"

"சாமியார் வீட்டுக்கு. ஓலை எழுதணும்ல."

டீச்சர் முன்னால் போக, ஆண்டனிராஜ் பின்னாலேயே போனார். ரெட்டியார்சத்திரத்தில் ஈஸ்வரன் கடை பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று விரலை விரித்தது. டவுனுக்குள் கறிக்கடைக்காரர் கத்தியை வைத்தார். ஆண்டனிராஜ் கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஐந்து விரலையும் குவித்து விரித்து அவருக்குத் திருப்பிக் காட்டினார்.

"ஆமாய்யா, எரியுது!"